சிறுநீர்த் துவாரத்துக்கு அருகே ஒரு வீக்கம்: இரண்டு வருட நீர்க்கடுப்பு, ஒரு ஊசி, ஒரு எம்.ஆர்.ஐ.

கடலூர் முதுநகரில் மீன் விற்கும் ஒரு அம்மாவின் நோய் விவரம் இது. வயது 43, மூன்று பிள்ளைகள், மூன்றும் சுகப்பிரசவம். அவரிடம் கேட்டேன், "எழுதுங்க டாக்டரம்மா, எனக்கு ஆன மாதிரி இன்னொருத்திக்கு ஆகக் கூடாது" என்றார், அதன் பிறகுதான் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சின்னச் சின்ன விவரங்களை மாற்றியிருக்கிறேன், மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை. நான் கடலூரில் மகளிர் மருத்துவராக இருக்கிறேன். இந்த அம்மாவை முதல் முறை பார்த்தபோது நானும் தவறாகத்தான் பார்த்தேன், அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

முதல் தடவை வந்தபோது ஒரு மஞ்சப்பை நிறைய காகிதம் கொண்டுவந்திருந்தார். "ஒண்ணுக்குப் போனா எரியுது. மாத்திரை போட்டா நிக்குது. ஒரு மாசம் தாண்டாது, திரும்ப வந்துடுது." இரண்டு வருடத்தில் ஏழு முறை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருக்கிறார். சிறுநீரில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் யூரின் கல்ச்சர் எடுத்தது இரண்டே முறை, இரண்டிலும் ஈ.கோலை என்ற குடல் கிருமி. வயிற்று ஸ்கேன் நான்கு, நான்கிலும் கர்ப்பப்பை, சினைப்பை, சிறுநீரகம், சிறுநீர்ப்பை எல்லாம் நார்மல். சர்க்கரை இல்லை. விடியற்காலை நான்கு மணிக்குத் துறைமுகத்து ஏலத்துக்குப் போனால் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்று வீடு திரும்பும்போது மதியம் ஆகிவிடும், இடையில் ஒதுங்க இடம் கிடையாது, அதனால் தண்ணீரே குடிக்க மாட்டார். இதைக் கேட்டதும் என் மனதில் படம் முழுதாகிவிட்டது: தண்ணீர் குடிக்காத, சிறுநீரை அடக்குகிற, அதனால் அடிக்கடி கிருமித் தொற்று வருகிற ஒரு பெண். நம் ஊர் ஓ.பி.யில் ஒரு நாளைக்குப் பத்துப் பேரை இப்படிப் பார்க்கிறோம்.

பரிசோதனையில் யோனியை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் என்ற கருவியை, இரண்டு இலை கொண்டதைப் போட்டு கர்ப்பப்பை வாயைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. முக்கச் சொன்னேன், முன்பக்கச் சுவர் லேசாகப் புடைத்துக்கொண்டு வந்தது. மூன்று பிரசவம், தலையில் சுமை, ஆகவே சிறுநீர்ப்பை இறக்கம், ஆரம்ப நிலை என்று எழுதி, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி சொல்லிக்கொடுத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினேன். கல்ச்சருக்குக் கொடுத்தேன், அதற்கேற்ற மாத்திரையும் கொடுத்தேன். தவறு எங்கே நடந்தது என்றால், அந்த ஸ்பெகுலத்தின் மேல் இலை சரியாக எந்த இடத்தைப் பார்க்க வேண்டுமோ அந்த இடத்தை மூடிக்கொண்டிருந்தது. விரலால் முன்சுவரைத் தனியாகத் தடவிப் பார்க்கவில்லை. புடைப்பு எங்கே இருக்கிறது, மேலே சிறுநீர்ப்பைக்குக் கீழா, அல்லது வெளித் துவாரத்துக்குப் பக்கத்திலா என்று நான் கவனிக்கவில்லை. இறக்கம் என்றால் முக்கும்போது பெரிதாகும், அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகும். கட்டி என்றால் படுத்திருக்கும்போதும் அங்கேயேதான் இருக்கும், விரலுக்குக் கீழே உருளும் அல்லது வலிக்கும். இவ்வளவுதான் வித்தியாசம், அரை நிமிட வேலை.

மூன்று மாதம் அவர் வரவில்லை. அந்த இடைவெளியில் குளிக்கும்போது கையில் ஏதோ தட்டுப்படுகிறது என்று வேறு ஒரு இடத்துக்குப் போயிருக்கிறார். அங்கே நீர்க்கட்டி என்று சொல்லி ஊசியால் குத்தி உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள், மஞ்சளாய்க் கலங்கலாய் வந்ததாம். அன்றைக்கே புடைப்பு அமுங்கிவிட்டது, அவருக்கும் சந்தோஷம். பத்தாவது நாள் குளிர்காய்ச்சல், உட்கார முடியாத வலி, முன்பைவிடப் பெரிய வீக்கம். அந்த நிலையில்தான் ஆட்டோவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தபடி இரண்டாவது முறை என்னிடம் வந்தார்.

இந்த முறை உட்காரவைத்து நிதானமாகக் கேட்டேன். எரிச்சல் தவிர வேறென்ன என்று கேட்டால் நம் பெண்கள் சொல்ல மாட்டார்கள், குறிப்பாகக் கேட்க வேண்டும். ஒண்ணுக்குப் போய்விட்டு எழுந்த பிறகு சொட்டுகிறதா? கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். "அதேதான். முடிஞ்சுதுன்னு எழுந்து நாலு அடி வெச்சா பாவாடை நனையுது. கிழவி மாதிரி ஆயிட்டேனேன்னு நெனச்சேன்." வீட்டுக்காரரோடு சேரும்போது வலிக்கிறதா? கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒன்றரை வருடமாக வலி, அதனாலேயே தவிர்க்கிறார், ஏன் தவிர்க்கிறாள் என்று வீட்டுக்காரர் வேறு விதமாக நினைத்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டார், அவர் கடலுக்குப் போகும் நாட்களில்தான் வீட்டில் நிம்மதியாம். இரண்டு வருடத்தில் இதை ஒரு டாக்டரிடமும் சொன்னதில்லை, ஒரு டாக்டரும் கேட்டதில்லை. அந்த "ஒரு டாக்டரும்" என்பதில் நானும் இருக்கிறேன்.

எரிச்சல், எழுந்த பிறகு சொட்டுவது, தாம்பத்தியத்தில் வலி. இந்த மூன்றும் சேர்ந்தால் யூரித்ரல் டைவர்ட்டிகுலத்தை, அதாவது சிறுநீர் வரும் குழாயின் சுவரில் பிதுங்கும் பையை, சந்தேகிக்க வேண்டும் என்று எங்கள் பாடத்தில் படித்ததுதான். ஆனால் மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது குறைவு, பலருக்கு ஒன்றுதான் இருக்கும், சிலருக்கு ஒன்றுமே இருக்காது. மாத்திரைக்கு நின்று திரும்பத் திரும்ப வரும் கிருமித் தொற்று மட்டுமே ஒரே அறிகுறியாக இருப்பதும் உண்டு.

இந்த முறை ஒற்றை இலை ஸ்பெகுலத்தைப் பின்சுவரில் வைத்து, முன்சுவரை முழுதாக வெளிச்சத்தில் பார்த்தேன். வெளித் துவாரத்திலிருந்து சுமார் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் உள்ளே, நடுக்கோட்டிலிருந்து சற்று இடப்பக்கமாக, பெரிய நெல்லிக்காய் அளவு வீக்கம். சிவந்து, சூடாக, தொட்டாலே துடித்தார். வலிக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு, விரலை உள்ளிருந்து வெளியே மெதுவாகத் தள்ளி அழுத்தினேன். சிறுநீர்த் துவாரத்தின் வழியாகவே சீழ் கலந்த நீர் ஒழுகியது. அந்தக் கணத்தில் பாதி விடை கிடைத்துவிட்டது: இந்தப் பைக்கும் சிறுநீர் வரும் பாதைக்கும் கதவு இருக்கிறது. அந்தச் சீழையே கல்ச்சருக்கு எடுத்தேன்.

இங்கே கொஞ்சம் உடலமைப்பு சொல்ல வேண்டும். சிறுநீர்ப்பையிலிருந்து வெளித் துவாரம் வரை வரும் குழாய்தான் யூரித்ரா. பெண்களுக்கு அது 4 சென்டிமீட்டர் அளவுதான், யோனியின் முன்சுவருக்கு மேலேயே ஒட்டிப் படுத்திருக்கிறது. அதைச் சுற்றிலும், முக்கியமாகப் பின்பக்கமும் பக்கவாட்டிலும், குட்டிக் குட்டிச் சுரப்பிகள் நிறைய. அவற்றில் பெரிய இரண்டின் குழாய்கள் வெளித் துவாரத்துக்கு இரு பக்கமும் திறக்கின்றன, 1880இல் அலெக்சாண்டர் ஸ்கீன் என்ற மருத்துவர் விவரித்ததால் ஸ்கீன் சுரப்பி என்று பெயர். ஆண்களின் ப்ராஸ்டேட்டுக்கு இணையான சுரப்பி இது, ப்ராஸ்டேட்டில் சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதம் இதிலும் சுரக்கிறது. ஆக, துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டி என்றால் அது எந்தச் சுரப்பி, எந்தச் சுவர், எந்தப் பழைய மிச்சம் என்று யோசிக்க நிறைய இருக்கிறது.

துவாரத்தின் விளிம்பிலேயே, ஒரு பக்கமாக, உருண்டையாக இருந்து துவாரத்தையே மறுபக்கம் தள்ளியிருந்தால் அது பெரும்பாலும் ஸ்கீன் சுரப்பியின் கட்டி. யோனியின் முன்சுவரில் பக்கவாட்டில், பெரும்பாலும் மேல்பாதியில், வலியில்லாமல் இருந்தால் கார்ட்னர் கட்டியாக இருக்கலாம், கருவில் இருந்தபோது ஆண்களுக்கு வளரும் ஒரு குழாயின் மிச்சம் அது. அதைக் கண்டால் சிறுநீரகத்தையும் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு சிறுநீரகமே இல்லாமலோ, சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் இடம் மாறித் திறந்தோ இருப்பது இவர்களிடம் உண்டு. பிரசவத் தையலுக்குள் தோல் மடிந்து சிக்கி உருவாகும் கட்டி, பழைய தையல் இருக்கும் இடத்தில்தான், பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும். எல்லோருக்கும் பெயர் தெரிந்த பார்த்தோலின் கட்டியும் யோனி வாயின் பின்பக்கம், கடிகாரத்தில் 4 மணி, 8 மணி இடத்தில் வருவது, சிறுநீர்த் துவாரத்துக்கு அருகில் இருக்கும் ஒன்றைப் பார்த்தோலின் என்று எழுதியிருந்தால் அந்தச் சீட்டை நம்ப வேண்டாம். மாதவிடாய் நின்றவர்களுக்குத் துவாரத்திலேயே செக்கச்செவேலென்று துருத்திக்கொண்டிருப்பது கட்டியே அல்ல, காரங்கிள் என்னும் சதை வளர்ச்சி.

அந்த அம்மாவுக்கு இருந்தது இவற்றில் எதுவும் இல்லை. டைவர்ட்டிகுலம் என்பது யூரித்ராவின் சுவரிலிருந்து ஒரு வாயோடு பிதுங்கி நிற்கும் பை. 1805இலேயே இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து அறுவை மருத்துவர் வில்லியம் ஹே இதை எழுதிவைத்திருக்கிறார். அப்படியிருந்தும் வெகுகாலம் அபூர்வ நோய் என்றே நினைத்தார்கள். 1950களில் இரட்டை பலூன் கத்தீட்டர் (சிறுநீர்ப் பாதைக்குள் விடும் மெல்லிய டியூப்) வந்து, யூரித்ராவுக்குள் அழுத்தத்தோடு சாயம் செலுத்திப் படம் எடுக்கத் தொடங்கிய பிறகுதான் அடுத்தடுத்துக் கண்டுபிடித்தார்கள். தேடினால் கிடைக்கிற நோய் இது. எப்படி வருகிறது என்றால், மேலே சொன்ன குட்டிச் சுரப்பிகளில் ஒன்று கிருமியால் பழுத்து, வாய் அடைத்து, சீழ் கோத்து, கடைசியில் யூரித்ராவுக்குள்ளேயே உடைகிறது. சீழ் வடிந்த பள்ளம் மூடாமல், உள்ளே தோல் போர்த்திக்கொண்டு, நிரந்தரப் பையாகிவிடுகிறது. அப்புறம் சிறுநீர் கழிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதற்குள் போய்த் தங்குகிறது. எழுந்து நடக்கும்போது அந்தத் தேக்கரண்டி அளவுதான் கீழே சொட்டுகிறது. தேங்கிய நீரில் கிருமி வளர்கிறது, சில பேருக்குக் கல்லும் சேர்கிறது. மாத்திரை சிறுநீரைச் சுத்தம் செய்யும், பைக்குள் இருப்பதை முழுதாகச் சுத்தம் செய்யாது. அவருடைய ஏழு முறை ஆன்டிபயாட்டிக்கின் கணக்கு இதுதான்.

ஊசி ஏன் கூடாது என்பதும் இதிலேயே இருக்கிறது. வாய் திறந்திருக்கும் பையை உறிஞ்சினால் அடுத்த முறை சிறுநீர் கழிக்கும்போதே திரும்ப நிரம்பும். ஊசி போன வழியில் கிருமி போகும். அதைவிட மோசம், கட்டிதானே என்று யோனிப் பக்கம் கீறிவிட்டால் யூரித்ராவுக்கும் யோனிக்கும் நடுவே நிரந்தர ஓட்டை விழுந்து, சிறுநீர் அந்த வழியாக வரத் தொடங்கிவிடலாம். சீழ் முற்றி, காய்ச்சல் அடங்காமல், சிறுநீரே போக முடியாமல் தவிக்கும்போது அவசரத்துக்குச் சீழை வெளியேற்ற வேண்டி வரலாம், அது தெரிந்து செய்யும் காரியம். இது யூரித்ராவோடு சேர்ந்ததா இல்லையா என்ற கேள்விக்கு விடை தெரியாமல் துவாரத்துக்கு அருகிலிருக்கும் எந்தக் கட்டியிலும் ஊசியோ கத்தியோ படக் கூடாது என்பதைத்தான் இந்த ஒரு நோயாளியிடமிருந்து நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

அன்று அவரை அட்மிட் செய்து, நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் கொடுத்தோம். நல்லவேளையாக அழுத்தும்போது பை தானாகவே உள்பக்கம் வடிந்துகொண்டிருந்தது, கீற வேண்டிய தேவை வரவில்லை. ஐந்தாம் நாள் காய்ச்சல் நின்றது. கல்ச்சரில் மறுபடியும் ஈ.கோலை, முன்பு சாப்பிட்ட இரண்டு மருந்துக்கு இப்போது கட்டுப்படாத ஈ.கோலை.

அடுத்தது எம்.ஆர்.ஐ. நான்கு ஸ்கேன் நார்மல் என்று வந்த பிறகு இன்னொரு படம் எதற்கு என்று அவருடைய மகன் கேட்டார், நியாயமான கேள்வி. வயிற்றின் மேல் கருவியை வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கர்ப்பப்பைக்கும் சிறுநீர்ப்பைக்கும் நல்லது, ஆனால் யூரித்ரா இடுப்பு முன்னெலும்புக்குக் கீழே ஒளிந்திருக்கிறது, அந்த ஸ்கேனில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. பார்க்கவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் உள்ள வித்தியாசம் நார்மல் என்ற ஒரு சொல்லுக்குள் காணாமல் போகிறது. கருவியைக் கீழே, வெளிப்புறத்தில் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் ஓரளவு தெரியும், நான் செய்தேன், பை தெரிந்தது, வாய் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. பையின் அளவு, வடிவம், எத்தனை அறை, யூரித்ராவை எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறது என்று எல்லாம் காட்டும், அறுவை செய்யப் போகிறவருக்கு அதுதான் வரைபடம்.

"ஜிப்மருக்கா போகணும் டாக்டரம்மா?" என்றார். கடலூர்க்காரர்களுக்குப் பெரிய வியாதி என்றால் அந்த மருத்துவமனை இருக்கும் புதுச்சேரி கோரிமேடுதான். 1964இலிருந்து ஜிப்மர் என்ற பெயரில் இருக்கிறது, அதன் வேர் 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளி வரை போகிறது, இங்கிருந்து தினமும் விடியற்காலை பஸ்ஸில் மஞ்சப்பையோடு போகிறவர்களை நாம் எல்லோரும் பார்க்கிறோம். இவரைப் புதுச்சேரியில் எனக்குத் தெரிந்த ஒரு சிறுநீரியல் அறுவை மருத்துவரிடம் அனுப்பினேன், இந்த அறுவையைத் தொடர்ந்து செய்கிறவர் என்பதால். இது முக்கியம். அபூர்வமாகச் செய்கிறவர் கையில் இந்த அறுவை கொடுக்கத் தகுந்தது அல்ல, என் கையிலும்தான்.

எம்.ஆர்.ஐ.யில் 2.6 சென்டிமீட்டர் பை, உள்ளே திரவம் வெள்ளை வெளேரென்று, யூரித்ராவின் நடுப்பகுதியைப் பின்பக்கமிருந்து இரு பக்கமும் குதிரை லாடம்போல் கட்டிப்பிடித்திருந்தது. வாய் பின்பக்கம் இடதுபுறம். கல் இல்லை. கெட்டியான சதை எதுவும் உள்ளே இல்லை, இதை நான் முதலில் தேடினேன், ஏனென்றால் அபூர்வமாக இந்தப் பைக்குள் புற்றுநோய் வருவதுண்டு. பிறகு சின்ன கேமராவை யூரித்ரா வழியாகவே விட்டுப் பார்த்ததில் அந்த வாய், அரிசி முனை அளவு, கண்ணாலேயே தெரிந்தது. இருமச் சொல்லிப் பார்த்தபோது சிறுநீர் கசியவில்லை. கசிந்திருந்தால் அதையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும், அவருடைய சொந்தத் தசையுறையை எடுத்துத் தாங்கு பட்டை வைக்கலாம், செயற்கை வலை மட்டும் இந்த இடத்தில் வைக்கக் கூடாது.

கணவரையும் வரச் சொன்னேன். பையின் படத்தை வரைந்து காட்டி, வலி எதனால் என்று அவர் முன்னாலேயே சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூன்று வழிகள் சொன்னேன். ஒன்றும் செய்யாமல் ஒவ்வொரு முறையும் சிறுநீர் கழித்த பிறகு விரலால் அழுத்திப் பையைக் காலி செய்துகொண்டு வாழலாம், தொந்தரவு குறைவானவர்களுக்கு அது தவறல்ல. பையைத் திறந்துவிடும் எளிய அறுவை ஒன்று உண்டு, வெளித் துவாரத்தை ஒட்டியிருக்கும் பைக்குத்தான் அது சரி, இவருக்கு நடுப்பகுதியில் இருப்பதால் சிறுநீரை அடக்கும் தசை பாழாகும். மூன்றாவது, பையை முழுதாக வெட்டி எடுத்து வாயைத் தைப்பது. அதிலும் ஓட்டை விழுவது, சிறுநீர் கசிவது, திரும்ப வருவது, துவாரம் சுருங்குவது எல்லாம் நடக்கலாம் என்று ஒளிக்காமல் சொன்னேன். "எடுத்துடுங்க. ஒரு மாசம் வியாபாரம் போனாப் போகுது" என்றார் அந்த அம்மா. ஒரு மாதம் போதாது, மூன்று மாதம் கூடை தூக்கக் கூடாது என்றதும்தான் முகம் வாடியது.

தொற்று அடங்கி ஆறு வாரம் கழித்து, யூரின் கல்ச்சரில் கிருமி இல்லை என்று உறுதியான பிறகு அறுவை. முதுகில் மயக்க ஊசி. சிறுநீர்ப் பாதையில் ஒரு கத்தீட்டர், சிறுநீரைத் திருப்பிவிட அடிவயிற்று வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் இன்னொரு டியூப். யோனி முன்சுவரில் கவிழ்த்த யு வடிவில் கீறி அந்தச் சுவரை இதழாகத் திருப்பினார் அறுவை மருத்துவர், அடுத்த உறையைக் குறுக்காகத் திறந்தார், அதற்கடியில் பை. பழைய ஊசியும் சீழும் சேர்ந்து எல்லாம் ஒட்டிக்கிடந்தன, சாதாரணமாகப் பிரிய வேண்டிய அடுக்குகள் பிரியவில்லை, நான் பக்கத்தில் நின்று உதவினேன், அந்த இடத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆனது. பையைக் கழுத்து வரை உரித்து, வாயோடு எடுத்தார். யூரித்ராவில் விழுந்த திறப்பைக் கத்தீட்டரின் மேலேயே நீளவாக்கில், தானே கரையும் நூலால், இழுபடாமல் தைத்தார். அடுத்த உறையைக் குறுக்காகத் தைத்தார், அதற்கு மேல் யோனிச் சுவர். தையல் மேல் தையல் ஒரே கோட்டில் விழக் கூடாது, விழுந்தால் அங்கேதான் பின்னால் ஓட்டை விழும். திசு நைந்திருந்ததால் பெண்ணுறுப்பின் வெளி இதழுக்கடியில் இருக்கும் கொழுப்பை அதன் ரத்த ஓட்டத்தோடு திருப்பி நடுவில் ஒரு மெத்தையாக வைத்தார், மார்ஷியஸ் மடிப்பு என்று பெயர். ஊசி படாத பையாக இருந்திருந்தால் அது தேவைப்பட்டிருக்காது என்று அவர் தைத்துக்கொண்டே சொன்னார்.

மூன்று வாரம் டியூபோடு இருக்க வேண்டும் என்பதுதான் நோயாளிக்குக் கஷ்டமான பகுதி. சிறுநீர்ப்பை கத்தீட்டரை வெளியே தள்ளப் பார்க்கும், திடீர் திடீரென்று அடிவயிறு பிடித்து இழுக்கும், அதற்கு மாத்திரை கொடுத்தோம். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொண்டோம், முக்கினால் தையல் தாங்காது. டியூப் பையை இடுப்புக்குக் கீழே வைப்பது, அது மடங்கினால் உடனே நேராக்குவது என்று மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம், அந்தப் பெண் ஒரு நோட்டில் எழுதிவைத்துப் பார்த்துக்கொண்டது. மூன்றாம் வாரம் சாயம் செலுத்திச் சிறுநீர் கழிக்கவைத்துப் படம் எடுத்தோம், எங்கும் கசிவு இல்லை, அதன் பிறகே டியூபை எடுத்தோம். தாம்பத்தியத்துக்கு மூன்று மாதம் இடைவெளி.

பயாப்சி முடிவு: உள்ளே சிறுநீர்ப் பாதைத் தோல், சில இடங்களில் மாற்றம் அடைந்திருக்கிறது, நாட்பட்ட அழற்சி, புற்றுநோய் இல்லை. வெட்டிய எதையும் பயாப்சிக்கு அனுப்பாமல் குப்பையில் போடக் கூடாது, சின்னக் கட்டிதானே என்று விடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது.

இதே சமயத்தில் பாகூரிலிருந்து 26 வயதுப் பெண் ஒருவர் வந்தார். குழந்தை பிறந்து எட்டு மாதம். அவருடைய புகார் ஒன்றே ஒன்று: "சிறுநீர் நேரா போகாம தொடைப் பக்கம் சிதறுது மேடம்." வலி இல்லை, எரிச்சல் இல்லை, சொட்டுவதும் இல்லை. பார்த்தால் துவாரத்தின் வலது விளிம்பில் முத்துபோல ஒன்றரை சென்டிமீட்டர் உருண்டை, துவாரம் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. அழுத்தினால் துவாரத்தின் வழியாக ஒன்றும் வரவில்லை. கீழிருந்து எடுத்த ஸ்கேனில் யூரித்ராவோடு தொடர்பு தெரியவில்லை. ஸ்கீன் கட்டி. சிதறலைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் அப்படியே விடலாம், பல கட்டிகள் வருடக்கணக்கில் சும்மா இருக்கும் என்றேன், அவர் வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றார். கத்தீட்டர் போட்டு யூரித்ரா எங்கே ஓடுகிறது என்று கையில் தெரியும்படி வைத்துக்கொண்டு, கட்டியின் கூரையை வெட்டி, உள்தோலை வெளித்தோலோடு தைத்துவிட்டேன். உறிஞ்சினால் திரும்ப நிரம்பும், திறந்த வாயாகத் தைத்தால் நிரம்ப இடமில்லை. மறுநாள் வீட்டுக்குப் போனார். இரண்டு பெண்களுக்கும் சீட்டில் முன்பு எழுதியிருந்தது ஒரே சொல், நீர்க்கட்டி.

பச்சைக் குழந்தைக்கு இந்த இடத்தில் மஞ்சள் வெள்ளையாய்ச் சின்ன உருண்டை தெரிந்தால் அம்மாக்கள் பதறிப்போய்த் தூக்கிக்கொண்டு வருவார்கள். குழந்தை நன்றாகச் சிறுநீர் கழிக்கிறது என்றால் பெரும்பாலும் சில வாரம், சில மாதத்தில் தானே போய்விடும். மாறாக, 40 வயதுக்கு மேல் புதிதாக வந்த கட்டி, கல்போல் கெட்டியாக இருப்பது, சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு வலி, சிறுநீரே போக முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்தாமல் வர வேண்டும். கண்ணாடியை வைத்துக் கீழே பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எங்கே இருக்கிறது, எப்போது பெரிதாகிறது என்று நீங்கள் சொன்னால் எங்களுக்குப் பாதி வேலை குறையும்.

முதுநகர் அம்மா மூன்றாம் மாதம் வந்தபோது சொட்டுவது முழுதாக நின்றிருந்தது. ஆனால் இருமும்போது இரண்டு சொட்டு கசிகிறது என்றார், அறுவைக்கு முன்னால் இல்லாதது, இப்படி வரலாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். முதல் வருகையில் தவறான காரணத்துக்காகச் சொல்லிக்கொடுத்த அதே தசைப் பயிற்சியை இப்போது சரியான காரணத்துக்காகச் செய்யச் சொன்னேன். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது கல்ச்சர் சுத்தம், இடையில் ஒரு முறைகூட ஆன்டிபயாட்டிக் இல்லை, வலி இல்லை. ஐஸ் போட்ட கூடையைத் தூக்கும்போது மட்டும் எப்போதாவது கசிகிறதாம். தாங்கு பட்டை அறுவை செய்துகொள்ளலாம் என்றேன், இப்போதைக்கு வேண்டாம், கூடையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொள்கிறேன் என்றார். வண்டியைக் கணவர் வாங்கிக்கொடுத்திருக்கிறார். அடுத்த பரிசோதனை ஆறு மாதம் கழித்து.